சரிபார்ப்பு இலக்கம்

கனவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது.
விரல்களை எண்ணுவதில்லை, கிள்ளிப் பார்ப்பதில்லை.
கன்டெய்னர் எண்ணைப் படிப்பேன்.
நாலு எழுத்து, ஆறு இலக்கம்,
கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஒன்று.
முன்னால் நிற்பவை பொய்யில்லை என்று
சத்தியம் செய்கிற இலக்கம்.
பதினொரு வருஷமாய்த் திருவொற்றியூர் யார்டில் குறிக்கிறேன்,
பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுப்பது
எச்சில் விழுங்குவதுபோல் வரும் எனக்கு.

கனவில் அது தப்பும்.
ஒரு தடவை ஏழு. திரும்பிப் பார்த்தால் மூன்று.
அப்புறம் இலக்கமே இல்லை,
கட்டத்துக்குள் ஒரு நண்டு.
உடனே தெரிந்துவிடும்:
பிலோமினா, நீ தூங்குகிறாய்,
தண்டையார்பேட்டையில், ஃபேன் கடகடக்க,
வலப்பக்கம் ஒருக்களித்து.

தெரிந்த பிறகு என்ன, ராஜ்ஜியம் என்னுடையது.
முதல் மாசமெல்லாம் பறந்தேன்.
எண்ணூர்ப் புகைபோக்கி விளிம்பில் உட்கார்ந்து காலாட்டினேன்.
காசிமேட்டு லாஞ்சுகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி
மணிக்கூண்டின் மேல் காயப்போட்டேன்.
கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் தீயை ஊதி அணைத்தேன்.
யூனிஃபார்மோடு கடலுக்கடியில் நடந்தேன்,
ஐடி கார்டு மட்டும் மேல்நோக்கி மிதந்தது.

எங்கே பறந்தாலும் இறங்குமிடம் ஒன்றுதான்.
கொருக்குப்பேட்டை கேட்.
மூடியிருக்கும்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டேயிருக்கும்.
பக்கத்தில் ஒயர்கூடையோடு ஒருத்தி,
பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி.
நான் வரவழைக்கவில்லை இவளை.
போ என்றால் போகமாட்டாள்.
என் கனவில் என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள்.

"கேட்டைத் தொற" என்றேன் ஒருநாள்.
வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"எல்லாம் நீதானே பண்றே. தொறந்துக்கோயேன்."
விரலை அசைத்தேன். கம்பம் எழுந்தது.
கம்பம் எழுந்தால்?
நடுவில் ரயில்.

இன்னொரு நாள் பணிவாய்க் கேட்டேன்,
எனக்கு என்ன கற்றுத்தர வந்திருக்கிறாய் என்று.
சிரித்தாளே ஒரு சிரிப்பு.
"கேட்டு போட்றவ நானு. எனக்கு இன்னா தெரியும்?
நீ இன்னா வேல செய்றே? அத்தச் செய்யி."

குறித்தேன், பெட்டி பெட்டியாய்.
எல்லாம் பொய் எண். நெளிபவை, உருகுபவை,
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மல்லாந்த மீன்.
நாற்பத்தொன்றாவது வேகன்.
துருவேறிய சிவப்புப் பெட்டி.
படித்தேன். திரும்பப் படித்தேன். வகுத்தேன்.
சரியாக இருந்தது.
கனவு முழுக்க ஒரே ஒரு நிஜ எண்.
கதவில் சீல் அறுந்து தொங்கியது.

மார்ச் மாதம், நைட் ஷிஃப்ட்.
இப்படித்தான் உள்ளே வந்தது அது.
எழுந்துபோய்ப் பார்க்காமல் 'சீல் சரி' என்று எழுதினேன்,
டீ ஆறிக்கொண்டிருந்தது.
காலையில் சரக்கு குறைந்தது.
காவலுக்கு நின்ற முனிரத்தினத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ரிஜிஸ்தரைப் பார்த்தேன்.

கடைசி வேகனும் போய்விட்டது.
ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.
மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு
யாரோ சைக்கிள்காரனுக்கு வழிவிட்டாள்.

விழித்தபோது நாலே முக்கால். கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் பழைய டைரியைத் தேடினேன்.
எண் இருந்தது.
படித்தேன். சுவரைப் பார்த்தேன். திரும்பப் படித்தேன்.
மாறவில்லை.
இன்னொரு தடவை,
மாறிவிடு மாறிவிடு என்று வேண்டிக்கொண்டே.

முனிரத்தினம் இப்போது வியாசர்பாடியில்,
பாலத்தடியில், தர்பூசணி வண்டி போட்டிருக்கிறானாம்.
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாய் நான்.
மடியில் டைரி.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் கொட்டாவி விடுகிறார்.
வேகன்களை எண்ணாமலிருக்கப் பார்க்கிறேன்.